அக்கரை நகரத்தின் வரவும் நம் ஊரின் செலவும்

1931ஆம் ஆண்டில் இந்தியாவிலும், சமஸ்தானங்களிலும், அப்போது இந்திய ஆட்சியோடு சேர்ந்திருந்த பர்மாவிலும் ஒருங்கே எடுக்கப்பட்ட ஜனக்கணக்கைப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, ஒன்றோடொன்று யாதொரு சம்பந்தமும் இல்லாதவை போல் வெவ்வேறு தொகுதிகளில் கிடக்கும் இரண்டு எண்கள் கண்ணில் படும். 1,178 சதுர மைல் பரப்பும், ஆயிரக்கணக்கான கண்மாய்களும், ஒரு ராஜாவும், ஒரு திவானும் கொண்டிருந்த புதுக்கோட்டை சமஸ்தானத்தின் மொத்த ஜனத்தொகை 4,00,694. கடலுக்கு அப்பால் இருந்த இரங்கூன் என்னும் ஒரே நகரத்தின் ஜனத்தொகை 4,00,415. இரண்டுக்கும் 279 பேர்தாம் வித்தியாசம். அந்த நகரத்தில் இருந்த 4 லட்சம் பேரில் 2,12,929 பேர் இந்தியர்கள். பர்மியர்களோ தங்கள் நாட்டின் தலைநகரத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைந்துபோயிருந்தார்கள். அதுவரையிலான பத்து வருஷத்தில் நம் சமஸ்தானத்தின் கணக்கு 4,26,813 என்ற நிலையிலிருந்து சுமார் 26,000 குறைந்திருந்தது.

இரங்கூனுக்குப் போன இந்தியர்களில் பெரும்பாலோர் நம்மவர் அல்லர் என்பதையும், கோதாவரிக் கரையிலிருந்தும் விசாகப்பட்டினத்துப் பக்கத்திலிருந்தும் போன தெலுங்கர்களே அங்கே துறைமுகக் கூலிகளில் அதிகம் என்பதையும், நம் பக்கத்து ஏழை ஜனங்கள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கும் மலாய் நாட்டு ரப்பர் தோட்டத்துக்குமே பெரும்பாலும் போனார்கள் என்பதையும் நான் மறக்கவில்லை. இந்த ஊர்க்காரர்கள் போனதால் அந்த நகரம் பெருத்தது, அதனால் இந்த ஊர் இளைத்தது என்று நேர்கோடு போட்டுக் காட்டுவதற்காக இந்த இரண்டு எண்களை எடுத்து வைக்கவில்லை. ஒரு பெருநகரம் வந்தேறிகளால் வளர்கிற கதையைச் சொல்லுகிறவர்கள் எப்போதும் அந்த நகரத்தின் பேரேட்டை மட்டுமே விரித்து வைத்துக்கொண்டு சொல்லுகிறார்கள்; வரவுப் பக்கத்தில் உள்ள ஒவ்வொரு தொகையும் வேறொரு ஊரின் பேரேட்டில் செலவாகப் பதிந்திருக்க வேண்டும் என்ற சாதாரணக் கணக்குப்பிள்ளையின் ஞானம் அவர்களுக்கு ஏனோ வருவதில்லை. அந்த இன்னொரு பேரேடு நம் வீட்டில் இருக்கிறது.

இந்தக் காலத்தில் குடியேற்றம் என்றவுடனே எல்லோருக்கும் அமெரிக்கா நினைவுக்கு வருகிறது. நியூயார்க்குக்கும் சிகாகோவுக்கும் வெளிநாட்டார் வருவது நல்லதா, கெட்டதா, அவர்களால் உள்ளூர்க்காரனின் சம்பளம் குறைகிறதா, வீட்டு வாடகை ஏறுகிறதா என்று அந்நாட்டில் நடக்கும் வாக்குவாதத்தை நாம் பத்திரிகையில் வாசிக்கிறோம். திருமயத்திலோ அறந்தாங்கியிலோ இது பத்திரிகை விஷயம் அன்று. கூடத்தில் மாட்டியிருக்கும் புகைப்பட விஷயம். ஒரு தெருவில் 'பர்மாக்காரர் வீடு' என்றும், அடுத்த தெருவில் 'சிங்கப்பூரார் வீடு' என்றும் அடையாளம் சொல்லித்தான் நம்மூரில் தபால்காரருக்கு வழி காட்டுவார்கள். கோட்டைப்பட்டினம், ஜெகதாப்பட்டினம், அம்மாபட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் அக்கரைக்குப் போய் வந்தவரைச் 'சபுராளி' என்பார்கள். சபர் என்றால் அரபியில் பிரயாணம். ஒரு ஊருக்கு அதன் பிரயாணிகளைக் குறிக்கத் தனிச் சொல்லே இருக்கிறது என்றால், அந்தப் பிரயாணம் எத்தனை தலைமுறையாக நடந்திருக்க வேண்டும்!

நம் பூமியின் சுபாவம் அப்படி. பொன்னமராவதி, திருமயம், குளத்தூர்ப் பக்கமெல்லாம் வானம் பார்த்த செம்மண் காடு. கண்மாய் நிரம்பினால் ஒரு போகம், நிரம்பாவிட்டால் பட்டினி. கல்லணைக் கால்வாய் வெட்டி 1934இல் தண்ணீர் விட்ட பிறகு அறந்தாங்கிப் பக்கத்தில் ஒரு பகுதிக்குக் காவேரியின் கடைமடைப் பாசனம் கிடைத்தது என்றாலும், கடைமடை என்ற சொல்லுக்கு உள்ள அர்த்தம் விவசாயிக்குத் தெரியும். இப்படிப்பட்ட பூமியில் பிறந்தவன் வடக்கே தஞ்சாவூர் வயலுக்கு நடவுக்கும் அறுப்புக்கும் போவான். அதற்கு அடுத்தபடியாக நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறுவான். 1926இல் கட்டப்பட்டு, சென்னையையும் நாகப்பட்டினத்தையும் பினாங்கோடும் சிங்கப்பூரோடும் சுமார் ஐம்பது வருஷம் இணைத்திருந்த 'ரஜூலா' கப்பலின் பெயரை, அதில் ஏறாத கிழவிகளுக்கும் நம் பக்கத்தில் தெரிந்திருந்தது.

ஏழைகள் இப்படிப் போகையில், பணமுள்ளவர்களும் போனார்கள். நகரத்தாராகிய செட்டியார்கள் அதைக் 'கொண்டுவிற்கப் போவது' என்பார்கள். ராயவரம், கோனாபட்டு, குழிபிறை, பனையப்பட்டி, நச்சாந்துபட்டி, கடியாபட்டி ஆகிய நம் மாவட்டத்து ஊர்களிலிருந்தும், இன்றைய சிவகங்கை மாவட்டத்து ஊர்களிலிருந்தும் இளைஞர்கள், பெட்டியடிப் பையன்களாகக் கப்பலேறி, அடுத்தாளாகி, மேலாளாகி, மூன்று வருஷத் தவணை முடிந்தவுடன் ஊருக்குத் திரும்பிச் சில காலம் குடும்பத்தோடு இருந்துவிட்டு மறுபடியும் போவார்கள். ஆச்சிமார் பெரும்பாலும் ஊரிலேயே இருந்து வீட்டையும், பிள்ளைகளையும், வரவு செலவையும் பரிபாலித்தார்கள். இரங்கூன் முகல் தெருவில் வரிசையாக இருந்த கிட்டங்கிகள் என்னும் கூட்டுக் கடைக் கட்டடங்களில், ஒவ்வொரு கடைக்கும் ஒரு மரப்பெட்டியும், ஒரு பாயும், சுவரோரம் இரவில் படுத்துக்கொள்ளும் இடமுமாக, லட்சக்கணக்கான ரூபாய் புழங்கிற்று என்றால் இன்று நம்புவது கடினம்.

இந்தப் பணம் என்ன செய்தது என்பதைச் சற்று நிதானமாகப் பார்க்கவேண்டும். 1852இல் ஆங்கிலேயர் கீழ்ப் பர்மாவைப் பிடித்தபோது ஐராவதியின் கழிமுகத்தில் நெல் விளைந்த நிலம் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவு. மிச்சமெல்லாம் காடும் சதுப்பும். 1869இல் சூயஸ் கால்வாய் திறந்து ஐரோப்பாவுக்கு வழி சுருங்கியதும் அரிசிக்குக் கிராக்கி ஏற, காட்டை வெட்டி நிலமாக்கப் பர்மிய விவசாயி புறப்பட்டான். அவனுக்கு மாடும், விதையும், அறுவடை வரைக்கும் சோறும் வாங்கக் கடன் வேண்டும். வெள்ளைக்காரர்களின் பாங்குகள் அவனை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. கொடுத்தவர்கள் செட்டியார்கள். விளைந்த நெல்லை அரைக்க இரங்கூன் ஆலைகளுக்கு ஆள் வேண்டும், மூட்டையைக் கப்பலில் ஏற்ற ஆள் வேண்டும், நகரத்தின் கழிவை அள்ள ஆள் வேண்டும். அவர்கள் தெலுங்குக் கடற்கரையிலிருந்து கப்பல் தளத்தில் நெருக்கியடித்துக்கொண்டு வந்தார்கள். 1920களின் பிற்பகுதியில் ஒரே வருஷத்தில் 4 லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் இரங்கூன் துறையில் வந்து இறங்கியதுண்டு. அவர்களில் மிகப் பெரும்பாலோர் இரண்டொரு வருஷத்தில் திரும்பிப் போய்விடுகிற ஆண்கள். நெல் நிலம் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகத்தின் அரிசிச் சந்தைக்குப் பர்மாவே முதல் களஞ்சியமாயிற்று. பர்மாவின் பாங்கு விசாரணைக் கமிட்டி 1930இல் கணக்கெடுத்தபோது, அந்நாட்டில் செட்டியார் கடைகள் 1,650 என்றும், அவர்கள் கொடுத்திருந்த கடன் 75 கோடி ரூபாய் என்றும் மதிப்பிட்டது.

வந்தேறிகளால் நகரத்துக்கு விளையும் அநுகூலம் முழுவதையும் இங்கே ஓர் உள்ளங்கையில் காணலாம். குழந்தைப் பருவத்தில் சோறு போட்டதும், வைசூரியிலிருந்து காப்பாற்றியதும், எழுத்தும் கணக்கும் கற்பித்ததும் வேறு ஊர். வேலை செய்யத் தகுந்த யௌவனத்தில் ஆள் இங்கே வந்து சேர்கிறான். தளர்ந்ததும் திரும்பிப் போய்விடுகிறான். பள்ளிக்கூடச் செலவும் கிழப்பருவச் செலவும் இல்லாத ஜனத்தொகை ஒரு நகரத்துக்குக் கிடைப்பது, விதையும் உழவும் இல்லாமல் அறுவடை மட்டும் கிடைப்பதைப் போன்றது.

ஆயினும் அந்த அறுவடைக்குள் ஒரு நெருப்பும் இருந்தது. 1930 மே மாதத்தில் தெலுங்குத் துறைமுகக் கூலிகள் சம்பள உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் செய்தபோது, கப்பல் கம்பெனிகள் அவர்களுக்குப் பதிலாகப் பர்மியர்களை வேலைக்கு அமர்த்தி, சமரசம் ஏற்பட்டதும் அந்தப் பர்மியர்களை உடனே வெளியே அனுப்பின. அன்றைக்கே கலகம் மூண்டு, நூற்றுக்கு மேற்பட்ட உயிர்கள் பலியாயின, அவர்களில் மிகப் பெரும்பாலோர் இந்தியர்கள். இரு சாராரையும் ஒருவர்மேல் ஒருவரை ஏவிவிட்டு லாபம் பார்த்தவர்களுக்கு ஒரு கீறலும் இல்லை என்பதை நான் எழுதாமல் விட முடியாது. அதே வருஷத்தில் உலகமெங்கும் விலைகள் சரிந்தன; நெல் விலை பாதியாக விழுந்தது; கடன் வாங்கிய விவசாயியால் வட்டி கட்ட முடியவில்லை; ஈடு வைத்த நிலம் கடன் கொடுத்தவர் கைக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கியமான பதின்மூன்று நெல் ஜில்லாக்களில் 1930இல் செட்டியார்களிடம் இருந்த நிலம் நூற்றுக்கு 6 பங்கு; 1938க்குள் அது 25 பங்கு. நிலம் வேண்டும் என்று அவர்கள் போகவில்லை, பணம் திரும்ப வேண்டும் என்றே எண்ணினார்கள் என்பது வாஸ்தவம். எனினும் தன் தகப்பன் காடு வெட்டித் திருத்திய வயலில் தானே குத்தகைக்காரனாக நின்ற பர்மியனுக்கு அந்த வாஸ்தவம் ஆறுதல் ஆகுமா? நம்மவர் செய்த நன்மையைச் சொல்லுகிற நாம் இதையும் சொல்லவேண்டும்.

பிறகு நடந்தது சரித்திரம். 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிந்தது. 1941 டிசம்பர் 23ஆம் தேதி ஜப்பானியர் இரங்கூனில் குண்டு வீசினார்கள். துறைமுகக் கூலி ஓடினான், கப்பலில் மூட்டை ஏற்ற ஆளில்லை; துப்புரவுத் தொழிலாளி ஓடினான், தெருக்கள் நாறின; பாதிக்கு மேற்பட்ட ஜனங்கள் யார் என்பது நகரத்துக்கு அந்த ஒரு வாரத்தில் தெரிந்தது. சுமார் ஐந்து லட்சம் இந்தியர்கள் கடல் வழியாகவும், அரக்கான் மலை வழியாகவும், மணிப்பூர்க் காடுகள் வழியாகவும் இந்தியாவை நோக்கிப் புறப்பட்டார்கள். வழியில் காலராவாலும் பசியாலும் மாண்டவர்கள் பல்லாயிரவர். இரங்கூனில் 'ஜோதி' என்ற மாதப் பத்திரிகையை நடத்திவந்த வெ. சாமிநாத சர்மா மனைவியோடு அவ்வாறு நடந்து வந்தவர். அந்த நடையைப் புத்தகமாகவும் எழுதி வைத்தார். யுத்தம் ஓய்ந்தபின் திரும்பிப் போனவர்கள் சிலர்; அவர்களையும், அங்கிருந்து வராமலே இருந்தவர்களையும் 1962க்குப் பிறகு வந்த ராணுவ ஆட்சி, கடைகளைத் தேசவுடைமையாக்கியும், 1964இல் 50, 100 கியாட் நோட்டுகளைச் செல்லாதவையாக்கியும் வெறுங்கையோடு கப்பலேற்றிற்று. அப்படித் திரும்பியவர்கள் சுமார் மூன்று லட்சம். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் பெயரால் உண்டானது. யுத்தத்துக்கு முன்னே வருஷத்துக்கு முப்பது லட்சம் டன் அரிசியை ஏற்றுமதி செய்த தேசம், 1960களின் முடிவில் சில லட்சம் டன்னுக்கு இறங்கியது. இறக்கத்துக்கு அந்த ஆட்சியின் மற்ற காரியங்களும் காரணம். ஆனால் கடன் கொடுப்பவனும், மூட்டை தூக்குபவனும், கடை வைப்பவனும் ஒரே தலைமுறையில் போய்விட்ட ஒரு துறைமுக நகரம் எழுந்து நிற்க எத்தனை காலம் ஆகும் என்பதற்கு இரங்கூனை விடப் பெரிய சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

இதற்கு நேர்மாறான சாட்சி நியூயார்க். 1910இல் அந்நகரவாசிகளில் பத்துக்கு நான்கு பேர் வெளிநாட்டில் பிறந்தவர்கள். 1924இல் அமெரிக்கா கதவைச் சாத்தியது. 1965இல் ஒரு புதிய சட்டத்தால் ஆசியர்களுக்கும் மற்றவர்களுக்கும் மறுபடி திறந்தது. 1970இலிருந்து 1980க்குள் நியூயார்க், தன் பழைய குடிகள் புறநகரங்களுக்கும் தென் மாகாணங்களுக்கும் போய்விட்டதால் எட்டு லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்களை இழந்து, கடனில் மூழ்கி, வீடுகள் பூட்டிக் கிடக்கும் நகரமாகிவிட்டது. அதன் பின்னர் அந்தப் பூட்டிய வீடுகளைத் திறந்தவர்கள் யார்? கரீபியத் தீவினரும், சீனரும், கொரியரும், நம்மவரும். 2000ஆம் வருஷத்தில் ஜனத்தொகை 80,08,278 ஆகி, அந்நகரச் சரித்திரத்தில் முதல் முறையாக எண்பது லட்சத்தைத் தாண்டியது. மூன்றில் ஒருவருக்கு மேல் வெளிநாட்டில் பிறந்தவர். குவீன்ஸ் பகுதியின் ஃப்ளஷிங்கில் 1977 ஜூலை 4ஆம் தேதி கும்பாபிஷேகம் நடந்த பிள்ளையார் கோயில் இந்தக் கதையின் ஒரு சிறு பக்கம். அதே சமயத்தில், 1950இல் 18.5 லட்சம் பேரைக் கொண்டிருந்த டெட்ராய்ட், மோட்டார்த் தொழிலின் வீழ்ச்சியாலும் வெள்ளையரின் வெளியேற்றத்தாலும் இளைத்து, போனவர்களின் இடத்துக்கு அவ்வளவு பேர் வராமையால் 2010இல் 7.14 லட்சமாகச் சுருங்கிற்று.

வந்தவனால் இருந்தவனின் கூலி குறைகிறதா என்ற கேள்விக்குப் பொருளாதார நிபுணர்கள் அதிகமாக மேற்கோள் காட்டுவது மியாமி நகரத்தை. 1980இல் கியூபாவின் மாரியேல் துறையிலிருந்து சுமார் 1,25,000 பேர் சில மாதங்களுக்குள் வந்து சேர, அவர்களில் பாதிப் பேர் மியாமியில் தங்கியதால், அந்நகரத்துத் தொழிலாளர் தொகை திடீரென்று நூற்றுக்கு 7 பங்கு உயர்ந்தது. டேவிட் கார்ட் என்னும் அறிஞர் 1990இல் ஆராய்ந்து, உள்ளூர்த் தொழிலாளரின் சம்பளம் குறிப்பிடத்தக்கபடி குறையவில்லை என்றார்; தாமே கியூபாவிலிருந்து சிறு வயதில் குடியேறியவரான ஜார்ஜ் போர்ஹாஸ், பள்ளிப் படிப்பை முடிக்காத ஆண்களை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் அவர்கள் சம்பளம் பலமாக விழுந்தது என்று பின்னாளில் மறுத்தார். விவாதம் தீரவில்லை. சாமானியரான நமக்குப் புரிகிற அளவில் சொன்னால், வருகிறவன் கையை மட்டும் கொண்டுவருவதில்லை, வயிற்றையும் கொண்டுவருகிறான்; அவன் உண்ணும் சோறும், குடியிருக்கும் அறையும், ஏறும் பஸ்ஸும் வேறு பலருக்கு வேலையாகின்றன. எனவே நகரம் முழுவதும் பார்த்தால் லாபம். ஆனால் அவன் செய்யும் அதே வேலையை அதே தெருவில் செய்துகொண்டிருந்த ஏழைக்கு அந்த லாபத்தின் பங்கு கடைசியில் வரும், அல்லது வராமலே போகும். இரங்கூன் துறைமுகத்தில் வெளியே அனுப்பப்பட்ட பர்மியனின் கோபத்தை இப்படித்தான் நான் புரிந்துகொள்கிறேன்.

இனி நம் காலத்து இரங்கூனைப் பார்ப்போம். திருச்சி விமான நிலையத்தின் வாசலில், விடியற்காலையில், மஞ்சள் குங்குமத்தோடு வந்து நிற்கும் குடும்பங்களிடம் கேட்டால் அந்நகரத்தின் பெயர் தெரியும். 1980இல் சிங்கப்பூரில் இருந்த 24 லட்சம் பேரில், அந்நாட்டில் நிரந்தர வாசம் இல்லாதவர்கள் 1.3 லட்சம், 2000இல் அது 7.5 லட்சம், 2024இல் மொத்தம் 60.4 லட்சம் பேரில் 18.6 லட்சம். 2011 ஜனக்கணக்கின்படி புதுக்கோட்டை மாவட்டம் முழுவதற்கும் ஜனத்தொகை 16,18,345. ஆக, ஒரு மாவட்டத்தின் ஜனங்களை விட அதிகமானவர்கள் அந்தத் தீவில் நிரந்தர வாசம் இல்லாமல் தங்கியிருக்கிறார்கள். அங்கே 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.97 குழந்தை, ஜனத்தொகை குறையாமல் நிற்க 2.1 வேண்டும். வெளியிலிருந்து ஆள் வராவிட்டால் அந்நகரம் வருஷந்தோறும் கிழப்பட்டுக்கொண்டே போகும். 2015இல் தமிழ்நாட்டில் நடந்த இடம்பெயர்வு ஆய்வு, வெளிநாடுகளில் உள்ள தமிழ்நாட்டார் சுமார் 22 லட்சம் என்றும், அவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் சிங்கப்பூரில் இருப்பதாகவும், நாடுகளில் அதுவே முதலிடம் என்றும் கூறிற்று.

போகிறவர்களின் பேச்சில் அதற்கென்று ஒரு தனி அகராதியே உண்டு. முதலில் 'ஸ்கில்' அடிக்கவேண்டும், அதாவது கம்பி கட்டுதல், குழாய் வேலை, மின்வேலை முதலியவற்றில் இங்கேயே பயிற்சி பெற்றுச் சிங்கப்பூர்த் தேர்வில் தேறவேண்டும். பிறகு ஏஜெண்டு மூலம் 'ஐ.பி.' என்னும் முன்அநுமதிக் கடிதம் வரவேண்டும், அதன்பின் 'பெர்மிட்' என்னும் வேலை அநுமதிச் சீட்டு. இதற்கெல்லாம் சில லட்சம் ரூபாய் ஆகும். நகையும் நிலமும் ஈடாகப் போகும். ஆகவே முதல் வருஷத்துச் சம்பளம், சில சமயம் இரண்டாம் வருஷத்ததும், போவதற்கு வாங்கிய கடனுக்கே சரியாகிவிடும். அங்கே கட்டட வேலைக்கு அமர்த்தும் முதலாளி, தேர்ந்த தொழிலாளிக்கு மாதம் 500 வெள்ளியும் (வெள்ளி என்பது சிங்கப்பூர் டாலர்), அடிப்படைத் திறன் மட்டும் உள்ளவனுக்கு 900 வெள்ளியும் அரசாங்கத்துக்கு 'லெவி' என்னும் வரி கட்டவேண்டும் என்பது 2024 முதல் உள்ள விதி. ஓவர்டைம் சேராத மாதச் சம்பளம் அந்த லெவியைத் தாண்டுவதற்கே திணறும் தொழிலாளிகள் உண்டு. ஒரு மனிதனின் வரவால் ஒரு நகரத்துக்கு உள்ள லாபம் எவ்வளவு என்பதை மறைமுகமாகச் சொல்லும் ரசீது என்றே அந்த லெவியை நான் கருதுகிறேன்.

பெர்மிட்டில் இருப்பவன் மனைவி மக்களை உடன் வைத்துக்கொள்ள முடியாது. அரசின் அநுமதி இல்லாமல் அந்நாட்டுப் பிரஜையை மணக்க முடியாது. பெர்மிட் முடிந்தால் விமானம் ஏறவேண்டும். குடும்பத்தை அழைத்துக்கொள்ள வேறு வகை பாஸும், மாதம் 6,000 வெள்ளியாவது சம்பளமும் வேண்டும். நகரம் அவனுடைய கையை ஏற்றுக்கொண்டது, அவனுடைய வம்சத்தை ஏற்கவில்லை. 2020இல் கொரோனா வந்தபோது இந்த ஏற்பாட்டின் உள்முகம் உலகத்துக்குத் தெரிந்தது: டார்மெட்டரி என்னும் கூட்டு விடுதிகளில் இருந்த சுமார் மூன்று லட்சம் தொழிலாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்குத் தொற்று கண்டிருந்தது என்று அந்த வருஷ டிசம்பரில் அந்நாட்டு அரசே அறிவித்தது. நகரத்தின் மற்றவர்களுள் நோய் கண்டவர்கள் சில ஆயிரம் பேரே. வைத்தியமும் சம்பளமும் அவர்களுக்குக் கிடைத்தன என்பதையும், நம் நாட்டுச் சாலைகளில் அதே மாதங்களில் நடந்து சென்ற தொழிலாளிகளுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை என்பதையும் சேர்த்துச் சொன்னால்தான் நியாயம்.

நம் பேரேட்டின் பக்கம் வருவோம். 2011 கணக்கில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1,000 ஆண்களுக்கு 1,015 பெண்கள். தமிழ்நாட்டுச் சராசரி 996. ஊரில் இல்லாத ஆண்கள் இந்த எண்ணுக்குள் ஒளிந்திருக்கிறார்கள் என்றே நான் நினைக்கிறேன். வந்த பணத்தால் என்ன நடந்தது என்று கேட்டால், காட்டுவதற்கு நிறைய இருக்கிறது. பர்மாத் தேக்கில் செய்த தூண்களும் கதவுகளும் கடியாபட்டியிலும் கோனாபட்டிலும் இன்றும் நிற்கின்றன. 1909இல் மேலைச்சிவபுரியில் தோன்றிய சன்மார்க்க சபை தமிழ்ப் புலமைக்கு உறைவிடமாயிற்று. ராயவரத்தில் பிறந்து, இளமையில் பர்மாவுக்கு வேலைக்குப் போய்த் திரும்பிய வை. கோவிந்தன், 1939இல் 'சக்தி' பத்திரிகையைத் தொடங்கி, நல்ல புத்தகம் என்பது ஏழையும் வாங்கக்கூடியதாக இருக்கவேண்டும் என்று வாழ்நாளெல்லாம் உழைத்தார். இப்போதைய சிங்கப்பூர்ப் பணம் ஓட்டு வீட்டை மாடி வீடாக்கியிருக்கிறது, தங்கையின் திருமணத்தை நடத்தியிருக்கிறது, தம்பியை இஞ்சினீயராக்கியிருக்கிறது. இவை சிறிய காரியங்கள் அல்ல.

ஆனால் அந்த மாடி வீட்டின் வாசலில் மாலையில் உட்கார்ந்திருப்பவர்கள் யார் என்று பாருங்கள். வயதான தாயும் தகப்பனும். வயல் கேட்பாரற்றுத் தரிசாகி, பிறகு ஆள் தேவைப்படாத பயிர் என்பதற்காகத் தைல மரம் நட்டதாகி, அந்த மரம் உறிஞ்சியது போகக் கண்மாயில் என்ன மிஞ்சும் என்று ஊரே கவலைப்படுகிறது. கலியாணமாகி ஒரு மாதத்தில் கணவன் போய்விட, பெற்ற குழந்தைக்கு இரண்டு வயது ஆனபின் அவன் வந்து நிற்கையில், அது தாயின் முந்தானைக்குப் பின்னே ஒளிந்துகொள்வதைப் பார்க்காத தெரு நம் பக்கத்தில் இல்லை. இந்தச் செலவை எந்த வருமானக் கணக்கிலும் எந்த அரசும் எழுதுவதில்லை.

இன்னொரு காட்சியையும் சொல்லவேண்டும். புதுக்கோட்டை நகரில் இன்று கட்டப்படும் கட்டடத்தின் சாரத்தில் நிற்பவன், ஹோட்டலில் இலை போடுபவன், பெரும்பாலும் பீகாரிலிருந்தோ ஒடிசாவிலிருந்தோ வந்தவன். நம் பிள்ளை சிங்கப்பூரில் கம்பி கட்டுகிறான். அவன் காலி செய்த இடத்தில் ஒடிசாவின் பிள்ளை இங்கே கம்பி கட்டுகிறான். அவனுக்கும் ஊரில் ஒரு கிழத் தகப்பன் இருப்பார். அவனைப் பற்றி நம் டீக்கடைகளில் சில சமயம் காதில் விழும் பேச்சு, இரங்கூனில் நம்மவரைப் பற்றிப் பேசப்பட்ட பேச்சுதான், மொழிதான் வேறு. அங்கே அடிபட்டுத் திரும்பியவர்களின் பேரப்பிள்ளைகளாகிய நமக்கு அந்தப் பேச்சுப் பொருந்தாது.

இரங்கூனின் கணக்கு ஆங்கிலேயரின் தொகுதிகளில் இருக்கிறது. சிங்கப்பூரின் கணக்கை அந்நாட்டு அரசு வருஷந்தோறும் வெளியிடுகிறது. நம் பக்கத்துக் கணக்கு, பூட்டிய வீடுகளின் பரண்களில் கறையான் அரித்துக்கொண்டிருக்கிறது. பர்மாக் கடைப் பேரேடு, மூன்று வருஷத் தவணைச் சம்பளச் சீட்டு, பினாங்கிலிருந்து வந்த கடிதக் கட்டு, 'ரஜூலா'வின் டிக்கெட்டுத் துண்டு, பாட்டனாரின் பழைய பாஸ்போர்ட், ஏன், முடிந்துபோன சிங்கப்பூர் பெர்மிட் அட்டைகூட, வீட்டில் இருந்தால் எடைக்குப் போடாதீர்கள். திருக்கோகர்ணத்தில் 1910 முதல் இயங்கிவரும் அரசு அருங்காட்சியகமும், பா. கிருஷ்ணமூர்த்தி, டோரதி தம்பதியர் வாழ்நாள் உழைப்பால் உருவாக்கிய ஞானாலயா நூலகமும் நம் ஊரிலேயே இருக்கின்றன. அங்கே கொண்டுபோய்க் காட்டுங்கள். கொடுக்க மனம் வராவிட்டால், ஒரு பிரதியாவது எடுக்கச் சொல்லுங்கள்.